மதியம் தூங்க வைக்காதீர்கள் என்று பெற்றோர் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? (ஓசூர், வீட்டு டேகேர்)

பாகலூர் ரோடு அக்கா

ஓசூரில் பாகலூர் ரோடு பக்கம் வீட்டிலேயே டேகேர் நடத்துகிறேன். ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயது வரை ஆறு பிள்ளைகள், அப்புறம் போன மாதம் சேர்ந்த ஏழு மாதக் கைக்குழந்தை ஒன்று. நானும், கூடமாட ஒத்தாசைக்கு வரும் ஒரு அக்காவும்தான் எல்லாம். சாப்பாடு, ஆய் கழுவுவது, அடிதடி இதெல்லாம் பழகிவிட்டது. பெற்றோரோடு ஓயாமல் இழுத்துக்கொண்டிருப்பது மதியத் தூக்கம் ஒன்றுதான்.

மூன்றே கால் வயதுப் பாப்பா ஒருத்தி இருக்கிறாள். அவள் அம்மாவுக்கு பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, ஏழு மணிக்கு கேப் வந்துவிடும் என்பதால் ஆறு மணிக்கே எழுப்பிக் குளிப்பாட்டி ஆறே முக்காலுக்கு என் வாசலில் விட்டுவிட்டுப் போவார். அப்பா சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட். மாலை ஆறரைக்குத் தாத்தா ஸ்கூட்டரில் வந்து கூட்டிப் போவார். அம்மா அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி வீடு வந்து சேர எட்டு, எட்டரை ஆகிவிடும். அந்த அம்மா போன வாரம் வாட்ஸப்பில் போட்டார்: இனிமேல் மதியம் தூங்க வைக்காதீர்கள், ராத்திரி பதினொன்றரை வரைக்கும் கட்டிலில் குதிக்கிறாள், நான் ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டும்.

அவர் கஷ்டம் புரியாமல் இல்லை. ஆனால் பாப்பாவுக்குப் பன்னிரண்டரைக்குச் சாப்பிட உட்காரும்போதே கண் சொக்குகிறது. ரசம் சாதம் வாயில் இருக்கும்போதே தலை சாய்கிறது. சரி, அம்மா சொல்கிறாரே என்று முகம் கழுவிவிட்டு, வாசலில் நடக்க வைத்து, பந்து உருட்டி எல்லாம் பார்த்தோம். மூன்று மணிக்கு மேல் பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கிறாள், தொட்டதற்கெல்லாம் அழுகிறாள். எனக்கு இருப்பது ஒரே ஹால். அவள் அழுதால் தூங்குகிற எல்லாமும் எழுந்துவிடும்.

இன்னொரு வீட்டில் இதற்கு நேரெதிர். இரண்டு வயதுப் பையன், அவனாக எழும் வரைக்கும் எழுப்பக் கூடாதாம். விட்டால் நாலரை வரைக்கும் தூங்குவான். ராத்திரி பத்து மணி வரை அவனோடு விளையாட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. கைக்குழந்தையின் பாட்டியோ, தூளி கட்டிப் போடு, இல்லாவிட்டால் குப்புறப் போடு, அசையாமல் தூங்கும் என்கிறார்.

ஒளிக்காமல் சொல்கிறேன், ஒன்றரையிலிருந்து மூன்று வரை அந்த அமைதி எனக்கும் வேண்டும். நான் சாப்பிடுவதே அப்போதுதான். அதற்காகத்தான் பிள்ளைகளைத் தூங்க வைக்கிறேன் என்று ஒரு அப்பா நேராகவே சொல்லிவிட்டார், "காசு கொடுப்பது நாங்கள்" என்றும் சேர்த்து. இதில் யார் பேச்சைக் கேட்பது? சேர்க்கும்போதே எழுதி வாங்கிவிடலாமா? டேகேர் நடத்துகிறவர்களும் பெற்றோர்களும் சொல்லுங்கள்.

பென்னாகரம் ரோடு டேகேர்

அக்கா, நான் தருமபுரியில் இதே தொழில்தான் செய்கிறேன். என் பதில் ஒரே வரி: தூங்கவே விடாதே என்றால் முடியாது, இத்தனை மணிக்கு எழுப்பிவிடு என்றால் செய்கிறேன். இதைச் சேர்க்கும் அன்றே வாயால் சொல்லி, விண்ணப்பத்தாளிலும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன். கண் சொக்குகிற பிள்ளையை உலுக்கி உட்கார வைக்க எனக்குக் கை வராது, அந்த வேலை வேண்டுமென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். அதனால் போன குடும்பமும் உண்டு, போகட்டும்.

எழுப்புவதற்கும் ஒரு பக்குவம் இருக்கிறது. தோளைத் தட்டி எழுப்பினால் அரை மணி நேரம் அழுகைதான். நான் இரண்டு மணிக்கு ஜன்னல் திரையை விலக்கிவிடுவேன், ஃபேனைக் குறைத்துவிடுவேன் (எங்கள் ஊர் வெயிலுக்கு அதுவே போதும், ஓசூர் குளிரில் நீங்கள் போர்வையை விலக்க வேண்டியிருக்கும்), அடுப்படியில் பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்கும். அதிலேயே பாதி பேர் புரண்டு கண்ணைத் திறந்துவிடும். எழுந்த கையோடு வாழைப்பழமோ, அவித்த கடலையை மசித்தோ ஏதாவது கையில் கொடுத்துவிட்டால் சிணுங்கல் அடங்கும். அதுவரை யாரும் அதனோடு பேசக் கூடாது, அவ்வளவுதான்.

தூக்கம் வராத பிள்ளைகளும் படுத்திருக்க வேண்டும். படம் போட்ட புத்தகம் ஒன்று, பொம்மை ஒன்று, பாயை விட்டு இறங்கக் கூடாது. நாலு வயசுப் பிள்ளைகள் பாதி நாள் தூங்காது, முழித்துக்கொண்டு ஃபேனைப் பார்த்துக் கதை பேசும். பேசட்டும். தூங்கினாயா என்று கேட்டு அதட்டுவது கிடையாது.

காசு கொடுப்பது நாங்கள் என்று சொன்னவரிடம் வாக்குவாதம் வேண்டாம். ஏழு பிள்ளைகளுக்கு ஏழு நேர அட்டவணை போட்டால் ஆள் இன்னும் ஒருவர் வைக்க வேண்டும், கட்டணம் இவ்வளவு ஆகும் என்று கணக்கைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பேச மாட்டார்.

கிருஷ்ணகிரி அம்மா

நான் எதிர்ப் பக்கம். பெற்றோர் என்றாலே ஒன்றும் தெரியாதவர்கள் என்கிற மாதிரி எழுதுகிறீர்களே, கொஞ்சம் எங்கள் வீட்டு ராத்திரியையும் பாருங்கள். முன்பு என் மகளை விட்டிருந்த ஒரு இடத்தில் பன்னிரண்டரைக்குப் படுக்க வைத்தால் நாலு மணி வரை எழுப்பவே மாட்டார்கள். கேட்டால், நல்லாத் தூங்கினாம்மா, நல்ல பிள்ளை என்பார்கள். நல்ல பிள்ளைதான், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என் தலைமாட்டில் உட்கார்ந்து தோசை வேண்டும் என்று கேட்கிற பிள்ளை. வேலைக்குப் போகிற எங்களுக்குப் பிள்ளையோடு கிடைப்பதே ராத்திரி இரண்டு மணி நேரம், அதையும் தூங்கு தூங்கு என்று கத்தியே கழிக்கிறோம்.

எனக்கு இருந்த இன்னொரு பயத்தையும் சொல்லிவிடுகிறேன், பெற்றோர் பலருக்கும் இருக்கிறது, வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். இவ்வளவு நேரம் தூங்குகிறதே, சளி மருந்து ஏதாவது ஊற்றுகிறார்களோ என்கிற பயம். என் விஷயத்தில் அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எத்தனை மணிக்குத் தூங்கினாள், எத்தனை மணிக்கு எழுந்தாள் என்று ஒருவரும் எழுதிக் கொடுக்காவிட்டால் மனசு எங்கெங்கோ போகும்.

50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடங்களில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017 மகப்பேறு நலச் சட்டத் திருத்தத்திலேயே சொல்லிவிட்டார்கள். சொல்லி என்ன, அதற்குப் பிள்ளையையும் காலை ஏழு மணி கேப்பில் தூக்கிக்கொண்டு போக வேண்டுமே! ஆகவே உங்களை நம்பித்தான் விடுகிறோம் அக்கா. அந்த பதினொன்றரை மணி அம்மாவைத் தப்பாக நினைக்காதீர்கள்.

ஸ்டாஃப் நர்ஸ், தருமபுரி

முதலில் அந்த மூன்றே கால் வயதுப் பாப்பாவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மூன்று, நான்கு வயதுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம், ஒன்று இரண்டு வயதுக்கு 11 முதல் 14 மணி நேரம், பகல் தூக்கத்தையும் சேர்த்து. இந்தப் பாப்பா பதினொன்றரைக்குத் தூங்கி ஆறு மணிக்கு எழுகிறாள், ஆறரை மணி நேரம். மதியம் ஒன்றரை மணி நேரம் சேர்த்தாலும் எட்டுதான் வருகிறது. இப்போதே குறைச்சல். இதில் மதியத்தையும் எடுத்துவிட்டால் கடிக்காமல் என்ன செய்யும்?

அதற்காக அம்மா சொல்வது முட்டாள்தனம் என்று ஆகிவிடாது. மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் மதியத் தூக்கத்தை விட்டுவிடும். சிலது மூன்றிலேயே விட்டுவிடும். அப்படி விடுகிற பிள்ளையை ராத்திரி ஏழரை எட்டுக்கே படுக்க வைத்தால் கணக்கு சரியாகிவிடும். இந்த வீட்டில் அம்மா முகத்தைப் பார்ப்பதே எட்டரைக்கு என்னும்போது எட்டு மணிக்கு யார் தூங்க வைப்பது, அவளும் எப்படித் தூங்குவாள்? அம்மாவுக்காகக் காத்திருக்கும். அதனால் இப்போதைக்கு மதியத் தூக்கத்தை முன்னால் தள்ளி, சாப்பிட்டதும் படுக்க வைத்து, இரண்டு மணிக்குள் எழுப்பிவிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இந்த வயதில் எழுந்து ஐந்தாறு மணி நேரமாவது ஓடி ஆடினால்தான் அடுத்த தூக்கம் கூடிவரும்.

சளி மருந்து விஷயம்: குளோர்பெனிரமைனும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சிரப்பை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே சொல்லி, அதை லேபிளில் அச்சிடவும் சொன்னது. டேகேரில் எந்த மருந்தாக இருந்தாலும் டாக்டர் சீட்டும் பெற்றோர் கையெழுத்தும் இல்லாமல் தொடாதீர்கள் அக்கா. காய்ச்சலுக்குக் கொடுக்கும் சிரப் உட்பட.

ஏழு மாதத்துக்குக் குப்புறப் போடும் பேச்சே வேண்டாம். ஒரு வயது வரை மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும், தட்டையான, அழுத்தமான படுக்கையில், தலையணையும் மெத்தென்ற போர்வையும் பொம்மையும் இல்லாமல். அதுவே உருண்டு குப்புறப் போய் இரண்டு பக்கமும் புரளத் தெரிந்துவிட்டால் திருப்பித் திருப்பிப் போட வேண்டியதில்லை.

பழைய பால்வாடி டீச்சர்

பால்வாடியில் காலம் தள்ளியவள் நான். சாப்பாடு முடிந்ததும் பாய் விரிப்போம், வரிசையாகப் படுக்கும், அரை மணியில் சத்தமே இருக்காது. தூங்க வைக்காதே என்று ஒரு தாயும் வந்து சொன்னதில்லை, ஏனென்றால் வீட்டில் எல்லோரும் எட்டு மணிக்கு களி தின்றுவிட்டுப் படுத்துவிடுவார்கள். இப்போது வீட்டுக்கே ராத்திரி பத்து மணிக்குத்தான் விளக்கு வைக்கிற மாதிரி இருக்கிறது. டிவியும் போனும் ஓடிக்கொண்டிருக்கிற ஹாலில் பிள்ளை மட்டும் தூங்க வேண்டுமாம்.

தூளியை மட்டும் குறை சொல்லாதீர்கள் நர்ஸம்மா. நீங்களும் நானும் அதில் வளர்ந்தவர்கள்தான்.

ஸ்டாஃப் நர்ஸ், தருமபுரி

டீச்சரம்மா, வீட்டில் பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து ஆட்டிக்கொண்டு, முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பது வேறு. ஏழு பிள்ளைகளுக்கு இரண்டு பேர் இருக்கிற இடம் வேறு. துணி குழிந்து தாடை நெஞ்சில் அழுந்தினால் கைக்குழந்தைக்கு மூச்சுவிடச் சிரமம், வெளியே சத்தமும் கேட்காது. மூன்று வயது ஓடிவந்து தூளியைச் சுற்றிவிட்டு விளையாடும், துணி முறுக்கிக்கொள்ளும். டேகேரில் தூளி வேண்டாம் என்றுதான் சொல்வேன். பாட்டி கோபித்துக்கொண்டால் டாக்டரிடம் கேட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுங்கள்.

நைட் ஷிப்ட் அப்பா

நானும் ஓசூர்தான், சிப்காட் ஷிப்ட். எல்லோரும் மதியத்தையே பேசுகிறீர்கள், அந்த ஆறரை மணி ஸ்கூட்டரை யாரும் கேட்கவில்லையே? என் பையன் அந்த வயதில் டேகேரிலிருந்து வரும்போது வண்டியில் முன்னால் நின்றபடியே தூங்கிவிடுவான். கைப்பிடியில் தலை இடிக்கும். வீட்டுக்கு வந்து படுக்கையில் போட்டால் அரை மணி, முக்கால் மணி. அப்புறம் எழுந்தால் ராத்திரி முழுக்க சிங்கம். மதியத் தூக்கத்தைக் குறைக்கக் குறைக்க இந்தச் சாயங்காலத் தூக்கம்தான் கூடியது. மதியம் ஒழுங்காகத் தூங்கிய அன்று வண்டியில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவான். அந்தத் தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள் அக்கா.

தூக்கக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும், வண்டியில் தூங்குகிற பிள்ளை கையை விட்டால் என்ன ஆவது? ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரை உள்ள பிள்ளையை வண்டியில் ஏற்றினால் ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பெல்ட், பிள்ளைக்கு ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று 2022இல் விதியே கொண்டுவந்துவிட்டார்கள். பாகலூர் ரோட்டில் அந்த பெல்ட்டை நான் யார் வண்டியிலும் பார்த்ததில்லை. ஆன்லைனில் கிடைக்கிறது, நான் வாங்கித்தான் ஓட்டினேன்.

பாகலூர் ரோடு அக்கா

ஷிப்ட் அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது! நேற்று தாத்தா வந்தபோது சும்மா பேச்சுவாக்கில் கேட்டேன். ஆமாம்மா, பெரிய ரோடு திரும்புவதற்குள் தூங்கிவிடும், தூக்கிக்கொண்டு போய் சோஃபாவில் போட்டுவிடுவேன், மருமகள் வருகிற நேரத்துக்கு எழுப்பிவிடுவோம், அதற்குள் பாப்பாவும் எழுந்து பால் குடித்துவிடுவாள் என்கிறார். ஏழு மணியிலிருந்து எட்டு வரை ஒரு முழுத் தூக்கம்! அவருக்கும் பாட்டிக்கும் அது வசதி, பாட்டிக்கு அடுப்பு வேலை, அவருக்குச் செய்தி. கிளம்பும்போது திரும்பி வந்து, "மருமகளிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்காதேம்மா, ஏற்கெனவே தூங்க வைக்காதீர்கள் என்று எங்களையும் சொல்லியிருக்கிறாள்" என்றார்.

இப்போது எனக்கு இன்னொரு தலைவலி. சொன்னால் அந்த வீட்டில் மாமனார் மருமகள் சண்டை, சொல்லாவிட்டால் பழி என் மதியத் தூக்கத்துக்கு.

பென்னாகரம் ரோடு டேகேர்

நீங்கள் போய் உளவு சொல்லாதீர்கள். அந்த வீட்டுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் மூக்கை நுழைத்தால் கடைசியில் நீங்கள்தான் கெட்டவர். ஒரு நோட்டு போடுங்கள். இடது பக்கம் டேகேரில் எத்தனை மணிக்குத் தூங்கினாள், எழுந்தாள், என்ன சாப்பிட்டாள். வலது பக்கம் வீட்டில் எத்தனை மணிக்குத் தூங்கினாள், எழுந்தாள், அதை வீட்டார் எழுத வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி, இந்த வீட்டுக்கு மட்டும் என்று இல்லாமல். நோட்டு தாத்தா கையில்தான் போகும், அவரே எழுதட்டும். சோஃபாத் தூக்கத்தை எழுதாமல் விட்டால்கூட, ஒரு வாரத்தில் அவரே அதைக் குறைத்துவிடுவார். எழுத வேண்டியிருக்கிறதே என்கிற கூச்சமே போதும்.

கிருஷ்ணகிரி அம்மா

எனக்கு இது பிடிக்கவில்லை. அந்த அம்மா நிலையில் நான் இருந்தால் நேராகச் சொல்லப்பட வேண்டும் என்றுதான் நினைப்பேன். ராத்திரி பதினொன்றரை வரை விழித்துக்கொண்டு, டேகேர் அக்காவையும் சந்தேகப்பட்டுக்கொண்டு, காரணம் தன் வீட்டு சோஃபாவில் இருக்கிறது என்பது அவருக்கு மட்டும் தெரியக் கூடாதா? தாத்தா பெயரை இழுக்க வேண்டாம், "வண்டியில் போகும்போது தூங்குகிறாளா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள், இந்த வயதுப் பிள்ளைகள் பல பேர் அப்படித் தூங்கும்" என்று கேள்வியாகவே அனுப்பலாமே. பெல்ட் விஷயத்தையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள், வண்டியில் தூங்கினால் ஆபத்து என்றால் எந்த அம்மாவும் உடனே விசாரிப்பாள். நோட்டு நல்லதுதான், அது தனியாக நடக்கட்டும். இரண்டு மணிக்கு எழுப்பிவிடுகிறேன் என்று நீங்களும் அவருக்கு ஒரு வார்த்தை கொடுங்கள். அவர் கேட்டதில் பாதியாவது நடந்தது என்று அவருக்கு இருக்க வேண்டும்.

ஸ்டாஃப் நர்ஸ், தருமபுரி

கிருஷ்ணகிரி அம்மா சொல்வதற்கே என் ஓட்டு. ஏழு மணித் தூக்கத்தை எடுத்தால் முதல் சில நாள் பாப்பா சாயங்காலம் ரொம்ப அழுவாள், அதைத் தாத்தா பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம் பார்த்து மறுபடியும் சோஃபாவில் போட்டுவிடுவார்கள். ஏழு மணிக்குக் குளிக்க வைத்து, சாப்பாட்டை முடித்துவிட்டால் அம்மா வருகிற நேரத்துக்குக் கதை கேட்டுப் படுக்கத் தயாராக இருப்பாள். ஒன்பதுக்குத் தூங்கினாலே ராத்திரி ஒன்பது மணி நேரம், மதியம் ஒன்றேகால். போதும்.

பாகலூர் ரோடு அக்கா

எல்லோருக்கும் நன்றி. அந்த அம்மாவுக்கு வண்டியில் தூங்குவதைப் பற்றிக் கேள்வியாகவே அனுப்பினேன், பெல்ட் பற்றியும் போட்டேன். பன்னிரண்டே முக்காலுக்குப் படுக்க வைத்து இரண்டு மணிக்கு எழுப்பிவிடுகிறேன், அதற்கு மேல் ஒரு நிமிஷம் விடமாட்டேன், ஆனால் தூங்காமல் வைத்திருக்க என்னால் ஆகாது என்றும் எழுதினேன். "மாமாவிடம் கேட்கிறேன்" என்று மட்டும் பதில் வந்தது. இன்று காலை பாப்பாவை விட வந்தபோது முகத்தில் கோபம் இல்லை, பெல்ட் எந்த அளவு வாங்குவது என்று கேட்டார். ஷிப்ட் அண்ணா, நீங்கள் வாங்கியது எந்த வயது வரைக்கும் வந்தது?

நோட்டு திங்கட்கிழமையிலிருந்து எல்லோருக்கும். மருந்துக்குச் சீட்டு வேண்டும் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதி ஒட்டப் போகிறேன். கைக்குழந்தைக்குத் தரையில் கெட்டிப் படுக்கைதான், பாட்டி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, பிள்ளை என்னவோ நன்றாகத்தான் தூங்குகிறது. இரண்டு வயதுப் பையன் வீட்டில் இன்னும் பேசவில்லை. மூன்று மணிக்கு மேல் தூங்கவிடாமல் எழுப்பிவிடுவேன் என்பதை அவர்கள் மாதக் கட்டணம் கொடுக்க வருகிற அன்று, பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு சொல்லலாம் என்றிருக்கிறேன்.